மாநில மனநல ஆணையத்தின் தலைமை: நியமிக்க வேண்டியது யார்?

#1 தாமிரபரணி

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், "ஆணையத் தலைவரை அரசே நியமிப்பதால்தான் இத்தனை கோளாறு" என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அதில் பாதி சரி. ஆனால் எந்தத் தலைமையைச் சொல்கிறோம் என்று தெளிவில்லாமலே சண்டை போடுகிறோம். அதனால்தான் தனி இழை.

மனநல நிறுவனங்களைப் பதிவு செய்து கண்காணிக்க அந்தச் சட்டம் மாநிலந்தோறும் அமைக்கச் சொல்வது மாநில மனநல ஆணையம். அதில் தலைமைப் பதவி ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று, தலைவர். பிரிவு 46 படி மாநில சுகாதாரத் துறையின் செயலாளர் அல்லது முதன்மைச் செயலாளர் பதவிவழித் தலைவர். ஆணையத்துக்கென்று இவரை யாரும் நியமிப்பதில்லை. சுகாதாரத் துறைக்கு மாற்றலாகி வந்த அன்று தலைவராகிறார். வேறு துறைக்குப் போகும் அன்று தலைவர் பதவியும் கூடவே போய்விடுகிறது. மத்திய ஆணையத்துக்கும் இதே அச்சுதான்.

இரண்டு, முதன்மைச் செயல் அலுவலர். பிரிவு 52 இவரைப் பற்றிச் சொல்வது ஒரே வரி: துணைச் செயலாளர் நிலைக்குக் குறையாதவர், மாநில அரசு நியமிக்கும். என்ன படிப்பு, எத்தனை ஆண்டு, முழு நேரமா, எந்தக் காரணத்துக்கு நீக்கலாம்? எதுவும் இல்லை. அதே சட்டம், உறுப்பினராக வரும் மனநல சமூகப் பணியாளர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர் மூவரிடமும் 15 ஆண்டு அனுபவம் கேட்கிறது. அலுவல்சாரா (பதவிவழி வராத) உறுப்பினர்களுக்கு 3 ஆண்டுப் பதவிக்காலம், 70 வயது வரம்பு என்று எழுதி வைத்திருக்கிறது. உறுப்பினர் இடம் காலியானால் 2 மாதத்துக்குள் நிரப்பச் சொல்கிறது. கூட்டத்துக்கு வந்து போகிறவருக்கு இவ்வளவு நிபந்தனை, தினமும் அலுவலகத்தை நடத்துகிறவருக்கு ஒன்றுமே இல்லை.

நடத்துகிறவர் என்று பேச்சுக்காகச் சொல்லவில்லை. பிரிவு 53 படி ஆணையத்தின் சட்டப் பிரதிநிதி அவர். அன்றாட நிர்வாகம், வேலைத்திட்டம், வரவு செலவுக் கணக்கு, ஊழியர்கள் மீதான கட்டுப்பாடு எல்லாம் அவர் கையில். ஆண்டறிக்கையையும் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் அவர்தான் ஆணையத்தின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும்.

என் கோரிக்கை இரண்டு. தலைவர் பதவியைச் சுகாதாரச் செயலாளரிடமிருந்து பிரிக்க வேண்டும். முதன்மைச் செயல் அலுவலரைத் தேடல் குழு வழியாக, நிலையான பதவிக்காலத்தோடு நியமிக்க வேண்டும்.

#2 கோப்பு எண் 7

இரண்டாவதில் உடன்பாடு. முதலாவதில் இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆணையத்துக்குப் பணம் பிரிவு 61 படி மாநில அரசின் மானியமாக வருகிறது. எத்தனை ஊழியர், எந்த வகை என்பதை ஆணையமே தீர்மானிக்கலாம், ஆனால் மாநில அரசின் ஒப்புதலோடு. நடைமுறையில் ஒப்புதல் என்றால் நிதித் துறை. ஒரு தட்டச்சர் பணியிடம் உருவாக்கவும் கோப்பு சுகாதாரத் துறைப் பிரிவில் தொடங்கி, சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் என்று ஏறி, செயலாளர் கையெழுத்தோடு நிதித் துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து "இருக்கிற பணியாளர்களை வைத்தே சமாளிக்க இயலுமா?" என்ற கேள்வியோடு திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதி, நிதிச் செயலாளரிடம் நேரில் பேசி, கோப்பை மறுபடி அனுப்பும் வலு துறைச் செயலாளருக்குத்தான் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதியைத் தலைவராக உட்கார வைத்தால் மரியாதை கிடைக்கும். பணியிடம் கிடைக்காது.

இன்னொன்று. இந்தச் சட்டத்தின் வேலை சுகாதாரத் துறையோடு முடிவதில்லை. பிரிவு 100 காவல் துறை மீது கடமை சுமத்துகிறது. குணமாகியும் வீட்டுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு விடுதி கட்ட சமூகநலத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் வேண்டும். அந்தத் துறைகளின் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க, சம நிலையில் உள்ளவர் தேவை.

#3 செம்பருத்தி

கோப்பு எண் 7 சார், நீங்கள் சொல்வது அலுவலக நடைமுறை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆணையத்தின் வேலை பணியிடம் வாங்குவது மட்டுமா? பிரிவு 55 படி அது ஒழுங்குமுறை அமைப்பு. மாநிலத்தில் உள்ள மனநல நிறுவனங்களைப் பதிவு செய்ய வேண்டும், தர வரையறை வகுக்க வேண்டும், மேற்பார்வையிட வேண்டும், புகார் கேட்க வேண்டும். மனநல நிறுவனம் என்பதன் விளக்கத்தில் தனியார் இல்லம் மட்டும் இல்லை. சித்த, ஆயுர்வேத, யுனானி நிறுவனமும் உண்டு. அரசு மருத்துவமனையும் உண்டு.

ஒரு உதாரணம். அரசு மனநல மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் இரவுப் பணிக்குச் செவிலியர் போதவில்லை என்று பிரிவு 67 தணிக்கையில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள் (3 ஆண்டுக்கு ஒரு முறை நடக்க வேண்டிய தணிக்கை அது). அறிக்கை ஆணையத் தலைவரின் மேசைக்குப் போகிறது. குறையைச் சரிசெய்யாவிட்டால் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டு அவர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் "பணியிடம் அனுமதிக்கப்படவில்லை" என்று பதில் போடுவார். அனுமதிக்க வேண்டியவர் யார்? சுகாதாரச் செயலாளர். அதாவது அறிவிப்பு அனுப்பியவரே குற்றம் சாட்டப்பட்டவர். இந்த நிலையில் தணிக்கை அறிக்கையில் "போதவில்லை" என்ற சொல்லே வராமல் போகும். "மேம்படுத்தலாம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, சொல் மட்டும் மெலிந்துபோகும்.

தனியார் இல்லத்துக்கு ஒரு அளவுகோல், அரசு மருத்துவமனைக்கு இன்னொன்று என்றால் அதை இல்லம் நடத்துபவர்கள் நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டத் தயங்க மாட்டார்கள். பிரிவு 69 படி ஆணையத்தின் உத்தரவுக்கு எதிராக 30 நாளில் உயர் நீதிமன்றம் போகலாம்.

#4 கோப்பு எண் 7

அந்த உதாரணத்துக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் சட்டத்திலேயே ஒரு பிடி இருக்கிறது: பிரிவு 51. விவாதத்துக்கு வரும் பொருளில் நேரடியாகவோ மறைமுகமாகவோ, பணமாகவோ வேறு வகையிலோ ஈடுபாடு உள்ள உறுப்பினர் அதை வெளிப்படுத்திவிட்டு விலகி இருக்க வேண்டும். அரசு மருத்துவமனை பற்றிய பொருள் வரும்போது செயலாளர் எழுந்து போய், மூத்த உறுப்பினர் கூட்டத்தை நடத்தலாம்.

#5 தாமிரபரணி

பிரிவு 51ஐ யாராவது அப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மூத்த உறுப்பினர் யாராக இருப்பார்? இணைச் செயலாளரோ இயக்குநரோ என்றால் எழுந்து போனவருக்குக் கீழே வேலை செய்பவர். செயலாளர் அறையை விட்டுப் போனாலும், கீழே உள்ளவரை மதிப்பிட்டு அவர் எழுதும் ரகசிய அறிக்கை போகாது. கூடவே பிரிவு 56ஐயும் பாருங்கள்: வாக்கு சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு.

#6 அரசமரம்

யார் நியமிப்பது என்ற கேள்வியில் ஒரு தரப்பை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். பிரிவு 46இல் மனநோய் உள்ளவர்கள் அல்லது இருந்து மீண்டவர்கள் சார்பில் 2 பேர், பராமரிப்பவர்கள் சார்பில் 2 பேர், சேவை செய்யும் தொண்டு நிறுவனங்கள் சார்பில் 2 பேர். ஆக 6 இடம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த ஆணையத்தில் இப்படி எண்ணிக்கை போட்டு இடம் ஒதுக்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரிய மாற்றங்களில் இது ஒன்று. ஆனால் இந்த 6 பேரையும் பெயர் குறிப்பது மாநில அரசுதான். அவர்கள் அமர்ந்த பிறகு, முதன்மைச் செயல் அலுவலரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை.

தேடல் குழு வைப்பதானால் அதில் மனநோயிலிருந்து மீண்ட ஒருவரும் பராமரிப்பவர் ஒருவரும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும், "சிறப்பு அழைப்பாளர்" என்று அல்ல. சிறப்பு அழைப்பாளர் கருத்துச் சொல்லலாம், தேநீர் குடிக்கலாம், நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போட முடியாது.

இதைக் கருணைக்காகக் கேட்கவில்லை. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில இவர்களுக்குத்தான் தோன்றும். "முன்கூட்டிய அறிவுறுத்தலைப் பதிவு செய்ய ஒருவர் வந்தால் எந்த மேசைக்குப் போக வேண்டும்?" (மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பது அது.) "உள்நோயாளி ஒருவர் மனநல சீராய்வு மன்றத்துக்கு (நோயாளிகளின் முறையீட்டைக் கேட்கும் அமைப்பு) விண்ணப்பம் எழுத, தாளும் பேனாவும் யார் தருவது?" இந்த இரண்டுக்கும் பதில் தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

#7 பதிவேடு

நியமனத்தைத் தள்ளிப்போட்டு, யாரிடமாவது கூடுதல் பொறுப்பாக ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்பதைப் பதிவு வேலையை வைத்துச் சொல்கிறேன்.

பிரிவு 66: மனநல நிறுவனம் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பித்தால் ஆணையம் 10 நாளில் சான்று தர வேண்டும். அதற்கு முன் விசாரணை நடத்தத் தேவையில்லை. சான்று 12 மாதம் செல்லும். முழு நேர அலுவலர் இருந்தால் இந்த 10 நாள் போதும். முதல் நாள் விண்ணப்பமும் கட்டணமும் வரவில் ஏறும். அடுத்து படுக்கை எண்ணிக்கை, கட்டட உரிமை ஆவணம், மனநல மருத்துவரின் பதிவு எண், செவிலியர் பட்டியல் ஆகியவற்றை ஒத்துப் பார்ப்பார்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடலாம். பிறகு கையெழுத்து.

பொறுப்பு அலுவலர் என்றால்? அவருடைய சொந்தப் பணி வேறிடத்தில். வாரத்தில் 2 நாள் ஆணையத்துக்கு வருகிறார் என்று வைத்தாலும், 10 நாள் கெடுவுக்குள் அவர் கண்ணில் கோப்பு படுவது இரண்டு மூன்று முறை. முதல் முறை பார்க்கும்போது ஏதோ குறை, திருப்பி அனுப்புகிறார். இரண்டாம் முறை அவர் விடுப்பு. கெடு முடிந்துவிடும். அப்புறம் தேங்கியதெல்லாம் ஒரே நாளில் கட்டாகக் கையெழுத்தாகும். அந்தக் கட்டில் நல்ல இல்லமும் இருக்கும், ஜன்னலுக்குக் கம்பி போட்டு வெளிப்பக்கம் பூட்டும் இல்லமும் இருக்கும்.

இதைவிட ஆபத்து இன்னொன்று. நிரந்தரப் பதிவு என்பது ஒவ்வொரு வகை நிறுவனத்துக்கும் குறைந்தபட்சத் தரத்தை ஆணையம் வகுத்த பிறகுதான் வரும். தரம் வகுக்கப்பட்டால் அந்த வகை நிறுவனங்கள் 6 மாதத்தில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரைவை எழுதி, கருத்துக் கேட்டு, கூட்டத்தில் வைத்து, ஒப்புதல் வாங்குவது மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலை. பொறுப்பு அலுவலர் அதில் கை வைக்க மாட்டார். விளைவு, விசாரணையில்லாமல் தந்த தற்காலிகச் சான்றை வைத்தே காலம் ஓடும்.

ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல இல்லத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று 28 பேர் தீயில் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மாநில மனநல ஆணையம் உண்டு, உரிமம் வழங்கும் அதிகாரியும் உண்டு. தாளில் பதவி இருப்பது வேறு, ஓலைக் கொட்டகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்து பார்க்க ஆள் இருப்பது வேறு. எனக்கு இந்த விவாதத்தில் இதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை.

#8 மேற்குவாசல்

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் மனநல அலுவலகத்தின் ஆணையரை ஆளுநர் நியமிக்கிறார், செனட் ஒப்புதலோடு. மிசிசிப்பியில் நேர் எதிர். அங்கே 1974இல் அமைந்த மனநலத் துறைக்கு 9 பேர் கொண்ட வாரியம். ஆளுநர் நியமிப்பது வாரிய உறுப்பினர்களை மட்டும், அதுவும் செனட் ஒப்புதலோடு. ஒவ்வொருவருக்கும் 7 ஆண்டு, பதவிக்காலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில் முடியும்படி அடுக்கப்பட்டவை. எனவே புதிதாக வந்த ஆளுநர் ஒரே நாளில் வாரியத்தைக் கலைத்துப்போட முடியாது. துறையின் செயல் இயக்குநரை அந்த வாரியம்தான் நியமிக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாரிய அமைப்பு இருந்தபோதுதான் 2016இல் அமெரிக்க நீதித் துறை மிசிசிப்பி மீது வழக்குத் தொடுத்தது. ஊருக்குள்ளேயே சிகிச்சை பெற வழி செய்யாமல் மக்களை மாநில மருத்துவமனைகளில் அடைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019இல் மாவட்ட நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ் அதை ஏற்றுத் தீர்ப்பளித்தார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிவிட்டது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, வாரியம் நியமித்தாலே சேவை சரியாகிவிடும் என்பதற்கு மிசிசிப்பி சாட்சி சொல்லாது. 7 ஆண்டு வாரியத்துக்கு உறுதி உண்டு. அதே உறுதி, தவறு நடக்கும்போது யாரைக் கேட்பது என்று தெரியாமலும் செய்துவிடும். ஆளுநரைக் கேட்டால் "வாரியம் நியமித்தது" என்பார்.

தாமிரபரணியின் முதல் கோரிக்கைக்கு இது எதிர்வாதம். அமைச்சரும் செயலாளரும் பொறுப்பிலிருந்து நழுவ, "ஆணையம் தன்னாட்சி பெற்றது" என்ற ஒரு வாக்கியம் போதும்.

#9 தாமிரபரணி

மேற்குவாசல், இந்த எதிர்வாதம் கனமானது. ஒத்துக்கொள்கிறேன். அதனால் என் முதல் கோரிக்கையைக் கொஞ்சம் மாற்றுகிறேன்: தலைவர் பதவியைப் பிரிப்பது நீண்டகால வேலை, சட்டத் திருத்தம் வேண்டும். முதன்மைச் செயல் அலுவலர் நியமனத்தை மாற்றுவது அடுத்த மாதமே முடியும். அதை முதலில் பிடிப்போம்.

மாதிரி வெளியே தேட வேண்டியதில்லை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 85. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் மூவர்: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைவர், மாநிலத் தலைமைச் செயலாளர் ஒருவர், மத்திய மின்சார அதிகார அமைப்பின் தலைவர் அல்லது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவர். இடம் காலியாவதற்கு 6 மாதம் முன்பே அரசு குழுவுக்கு எழுத வேண்டும். குழு 3 மாதத்தில் முடிக்க வேண்டும். ஓர் இடத்துக்கு இரண்டு பெயர் தர வேண்டும். வேட்பாளருக்கு நிதி ஈடுபாடு எதுவும் இல்லை என்று குழு திருப்தியடைய வேண்டும். பதவிக்காலம் 5 ஆண்டு, அதே பதவியில் மறுநியமனம் கிடையாது.

இதில் நியமன ஆணையில் கையெழுத்திடுவது அரசுதான். ஆக "யார் நியமிப்பது" என்ற கேள்விக்கு நேர்ப் பதில் "அரசு" என்பதே. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் எத்தனை பூட்டு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மின் கட்டணம் நிர்ணயிப்பவரைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு பூட்டு போட்ட நாடு, மனிதர்களைக் கட்டிப்போடும் இல்லங்களைக் கண்காணிப்பவருக்கு ஒரே வரி எழுதி விட்டுவிட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

#10 பதிவேடு

பிரிவு 85 மாதிரியிலும் கோளாறு உண்டு. குழுவில் மூத்த அதிகாரிகள் இருந்தால் தேர்வாவதும் ஓய்வுபெறும் நிலையில் உள்ள மூத்த அதிகாரிகளாகவே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பெயர் கேட்கிறீர்கள். ஒருவர் உண்மையான வேட்பாளர், இன்னொருவர் பட்டியலை நிரப்ப. இதைத் தடுக்க விளம்பரமும், விண்ணப்பித்தவர் எத்தனை பேர், தகுதி பெற்றவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை வெளியிடுவதும் கட்டாயம்.

#11 செம்பருத்தி

மருத்துவரா, ஐ.ஏ.எஸ். அதிகாரியா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. சட்டம் நிலையை மட்டும் சொல்கிறது, எந்தப் பணிப் பிரிவிலிருந்து என்று சொல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறைப் பேராசிரியர் ஊதிய நிலையில் துணைச் செயலாளருக்குச் சமம் அல்லது மேல் என்று காட்டினால் நியமிக்கலாம். மனநலம் தெரிந்தவர் வருவது நல்லதுதான். ஆனால் அவர் தன் கல்லூரி, வார்டு, தேர்வு வேலைகளை விட்டு முழு நேரமாக வர வேண்டும். நேற்றுவரை அவரோடு ரவுண்ட்ஸ் போன சகாக்களின் மருத்துவமனையை இன்று தணிக்கை செய்ய வேண்டும். அதற்கு ஒரு தடுப்பு வேண்டும்: முந்தைய 3 ஆண்டில் பணியாற்றிய நிறுவனம் பற்றிய பொருளில் அவர் முடிவெடுக்கக் கூடாது.

ஐ.ஏ.எஸ். அதிகாரி என்றால் கோப்பு ஓடும், ஆனால் ஆள் நிற்க மாட்டார். டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும் என்றது. 2014இல் ஐ.ஏ.எஸ். பணிநிலை (கேடர்) விதிகளில் 2 ஆண்டு என்று வந்தது. ஆனால் அது பணிநிலைப் பட்டியலில் உள்ள பதவிகளுக்கு. ஆணையப் பதவி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இரண்டு தரப்பிலும் தகுதியாக நான் ஒன்று கேட்பேன்: மனநல சேவையிலோ மாற்றுத்திறனாளிகள் நல நிர்வாகத்திலோ 10 ஆண்டு. வேறு எந்தப் பட்டமும் எனக்கு முக்கியமில்லை.

#12 கோப்பு எண் 7

சரி, வழி என்ன என்று பார்ப்போம். மூன்று வாசல் இருக்கிறது.

சட்டத் திருத்தம்: பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியல் என்றாலும், மனநோயும் அதற்கான இடங்களும் மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலின் 16ஆம் இனம். எனவே மாநிலச் சட்டப்பேரவை பிரிவு 46ஐயும் 52ஐயும் தன் மாநிலத்துக்குத் திருத்தலாம். ஆனால் மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால் அரசமைப்புச் சட்டம் 254(2) படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். மத்திய அமைச்சகங்களின் கருத்துக் கேட்டு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

விதி: பிரிவு 121 படி முதல் விதிகளை மத்திய அரசுதான் வகுக்க வேண்டும், 2018இல் வகுத்துவிட்டது. அதன்பின் மாநிலம் விதி வகுக்கலாம், மத்திய அரசின் முன் ஒப்புதலோடு. திருத்தத்தைவிடச் சுலபம்.

அரசாணை: பிரிவு 52 அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துவோம் என்று மாநில அரசு தனக்குத் தானே நெறிமுறை எழுதிக்கொள்வது. யார் ஒப்புதலும் வேண்டாம். குறை, இன்னொரு அரசாணையால் மறுநாளே ரத்து செய்யலாம். ஆனால் நடப்பில் இருக்கும் தன் நெறிமுறையைத் தானே மீறி ஆளைப் போட்டால், அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் கூறை (சமத்துவ உரிமை) காட்டி உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியும். இப்போது அந்தப் பிடி கூட இல்லை. பதவிக்குத் தகுதி என்ன என்று எழுதப்படாத வரை "எந்தத் தகுதியில் உட்கார்ந்திருக்கிறார்?" என்று கேட்கும் நீதிப்பேராணைக்கு வேலை மிகக் குறைவு.

அரசாணைக்கான வரைவு, வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்:

1. தேடல் குழு 5 பேர். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர் தலைவர் (தலைமை நீதிபதியிடம் பெயர் கேட்டு எழுதலாம், அரசாணையால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது), தலைமைச் செயலாளர், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன இயக்குநர் குறிக்கும் மனநல மருத்துவர், மனநோயிலிருந்து மீண்ட ஒருவர், பராமரிப்பவர் ஒருவர். கடைசி இருவரை ஆணையத்தின் அலுவல்சாரா உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஐவருக்கும் வாக்கு சமம்.

2. பதவி காலியாவதற்கு 6 மாதம் முன்பே விளம்பரம். விண்ணப்பத்துக்கு 30 நாள்.

3. குழு இரண்டு பெயர் தரும். அரசு 30 நாளில் ஒருவரை நியமிக்கும். இருவரையும் ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தரும்.

4. முழு நேரம், 3 ஆண்டு. ஒரு முறை மட்டும் மறுநியமனம். வேறு பதவியின் கூடுதல் பொறுப்பு கூடாது.

5. இடையில் மாற்றவோ நீக்கவோ வேண்டுமானால் காரணம் எழுத்தில், ஆணையக் கூட்டத்தில் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகு.

6. திடீரென்று காலியானால் பொறுப்பு அலுவலர் 60 நாளுக்கு மேல் கூடாது.

#13 அரசமரம்

இந்த ஆணையை அரசு போடுமா என்று காத்திருக்கும் நேரத்தில், இப்போதைய நிலையைத் தெரிந்துகொள்ள ஒரு ஆர்.டி.ஐ. விண்ணப்பம் போடலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன்" என்று கேட்காதீர்கள், தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

ஆணையம் அமைந்த நாள் முதல் முதன்மைச் செயல் அலுவலராக இருந்த ஒவ்வொருவரின் நியமன ஆணை நகல், பொறுப்பேற்ற நாள், விடுவித்த நாள். முழு நேரமா, கூடுதல் பொறுப்பா என்பதைக் காட்டும் ஆணை வரி. ஆண்டுவாரியாக ஆணையக் கூட்டம் நடந்த தேதிகளும் நடவடிக்கைக் குறிப்பு நகலும் (பிரிவு 56 ஆண்டுக்கு 4 கூட்டமாவது வேண்டும் என்கிறது). பிரிவு 64 படி சட்டப்பேரவையில் வைத்த ஆண்டறிக்கைகளின் நகல். அலுவல்சாரா உறுப்பினர் இடங்களில் காலியானவை, காலியான தேதி. தற்காலிகப் பதிவில் இருக்கும் நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் 12 மாதம் கடந்தவை எத்தனை.

தேதிகளை ஒரு தாளில் அடுக்கினாலே போதும். எந்தப் பொறுப்பு அலுவலர் காலத்தில் கூட்டம் நடக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

#14 பதிவேடு

வரைவின் 6ஆம் வரிக்கு ஒரு சேர்க்கை. "60 நாளுக்கு மேல் கூடாது" என்பதோடு நிறுத்தினால், 59ஆம் நாள் பொறுப்பை மாற்றி, மறுநாள் அவரிடமே திருப்பித் தருவார்கள். "60 நாள் என்பது பொறுப்பு வகிப்பவர் மாறினாலும் தொடர்ந்து கணக்கிடப்படும்" என்று எழுதுங்கள். கூடவே, "அரசு மனநல மருத்துவமனையின் தலைவரோ, அரசு மருத்துவக் கல்லூரி மனநலத் துறைத் தலைவரோ பொறுப்பு வகிக்கக் கூடாது."

#15 கோப்பு எண் 7

இரண்டையும் சேர்த்துவிட்டேன். 5ஆம் வரியிலும் ஒரு சொல் மாற்றம்: "விளக்கம் கேட்ட பிறகு" என்பதை "விளக்கத்தை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்த பிறகு" என்று ஆக்கியிருக்கிறேன். கேட்டதற்குச் சாட்சி வேண்டும். செம்பருத்தியின் 10 ஆண்டுத் தகுதியும் 3 ஆண்டுத் தடுப்பும் 2ஆம் வரிக்குக் கீழே வரும். அவற்றின் வாசகத்தை அவரே எழுதித் தந்தால் நல்லது.